குங்குமம் வைத்த அரிவாள்

செப்டம்பர் 19, வெள்ளி

கடைசியில் வந்துவிட்டார்கள். காலையில் பஸ் நிறுத்தத்தில் நான்கு போலீஸ், கையில் மட்டை மாதிரி ஒரு மிஷின். ஒவ்வொருவராக நிறுத்தி உடம்போரமாக ஓட்டினார்கள். கத்தி இருந்தால் கத்துமாம். சந்தேகமே இல்லாவிட்டாலும் யாரை வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்று புது உத்தரவாம்.

சோதிக்கட்டும். போன மாதம் மேல்மாடி ஜெயசீலனை அதே இடத்தில் ஒரு போனுக்காக வயிற்றில் குத்தினார்கள். குடியிருப்புக் கூட்டத்தில் எல்லாரும் முணுமுணுத்தபோது, "சோதனை போடச் சொல்லுங்க, நம்ம வூட்டுப் பொண்ணுங்க நடமாட வேணாமா?" என்று கத்தியவள் நான்தான். என் மகள் உமா டியூஷன் முடிந்து ஏழரைக்கு அங்கேதான் இறங்குகிறாள். தினமும் நான் போய் நின்று கூட்டிவருகிறேன். முன்பு இருந்த மதராசி கேம்ப்பில் எல்லாம் நம்ம தமிழ் ஜனம், இந்தப் பயம் கிடையாது. அதை இடித்துவிட்டு தில்லிக்கு ஓரத்தில் இந்த நரேலாவில் கொண்டுவந்து போட்டார்கள், இங்கே எதிர்வீட்டுக்காரி பேர் கூடத் தெரியாது.

செப்டம்பர் 23

நவராத்திரி. தில்லிக்காரர்களுக்கு விரதம், எனக்கு வேட்டை. கிட்வாய் நகர் மார்க்கெட் வாசலில் என் வண்டியில் மதியத்துக்குள் இளநீர் காலி. வெட்டி வெட்டித் தோள்பட்டை விட்டுப்போச்சு.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. என் அரிவாள் வருஷம் பூரா வண்டிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். பூஜைக்கு மட்டும்தான் வீட்டுக்கு வரும். கேம்ப்பில் இருந்தபோது துணியில் சுற்றி நடந்தே வந்துவிடுவேன். இன்று பஸ்ஸில், பைக்குள். நிறுத்தத்தில் போலீஸ் யாரும் இல்லை, எல்லாருக்கும் ராம்லீலா நாடகம் நடக்கிற திடலில் டூட்டி.

அக்டோபர் 1

என் அரிவாள், கொத்தனாரான என் வீட்டுக்காரர் சேட்டுவின் கொத்துக் கரண்டி, உமாவின் புத்தகங்கள். சந்தனம், குங்குமம், பொரிகடலை. இன்று தொழிலைத் தொடக் கூடாது. நல்ல வியாபார நாள் போச்சே என்று அவருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 2, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

விஜயதசமியன்று வைத்த பொட்டோடுதான் வெட்ட ஆரம்பிக்க வேண்டும். துடைக்காமல் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வரிசையில் போலீஸைப் பார்த்தும் எனக்கு உறைக்கவே இல்லையே! கத்தி என்றால் ஜெயசீலனைக் குத்தின பாவிகள் வைத்திருந்தது. இது என் அரிவாள்.

மிஷின் அலறியது. பையைத் திறந்தவன் "கூன்! கூன்!" என்று கத்தினான். ரத்தமாம். தினமும் என்னோடு பஸ் ஏறுகிற ஜனங்கள் அப்படியே பின்னால் நகர்ந்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு ஒரு தாளை நீட்டினார். ஆயுதம் வைத்திருந்தது உண்மை என்று கையெழுத்துப் போட்டு, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ, கேஸ் கிடையாது என்றார். அதற்குள் சேட்டு ஓடிவந்தார். "போட்டுட்டு வாடி மேகலா. வேற அருவா வாங்கிக்கலாம். சோதனை வேணும்னு கத்துனதே நீதான?"

"ஆமாய்யா, கத்துனேன். இப்பவும் வேணும்னுதான் சொல்றேன். கையெழுத்து மட்டும் போடமாட்டேன்."

போட்டால் என்ன ஆகும்? நாளைக்கு அந்த நிறுத்தத்தில் எவன் எவனைக் குத்தினாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். உமா கண் முன்னால்.

அப்போதுதான் உள் அறையைப் பார்த்தேன். மேஜை மேல் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி, செண்டுமல்லி மாலை போட்டு, ஒவ்வொன்றுக்கும் சிவப்பாகப் பொட்டு. பக்கத்தில் லட்டு. தசராவுக்கு அவர்களுக்கும் பூஜை.

"சாஹப், அதுவும் ரத்தமா?" என்று இந்தியில் கேட்டேன்.

 ஓரத்தில் நின்ற பெண் போலீஸ் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். சேட்டு என் கையைக் கிள்ளினார். ஏட்டு முகம் சுண்டிப்போய்த் தாளை இழுத்துக்கொண்டார். ஸ்டேஷன் பெரிய அதிகாரி வந்து, இளநீர் விற்கிற அனுமதி அட்டையைக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார். அட்டை வண்டிப் பெட்டியில். போய் எடுத்துவந்து காட்டுவதற்குள் சாயந்திரம். பெரிய அதிகாரி கிளம்பிவிட்டார். நாளைக்கு வா.

அக்டோபர் 4

இன்றும் "கல் ஆவோ", நாளைக்கு வா என்றுதான். நானும் விடுவதாக இல்லை. இரவல் கத்தியில் வெட்டி, விரலில் காயம்.

அக்டோபர் 6, திங்கள்

கிடைத்துவிட்டது! அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவே இல்லை. இளநீர் வெட்டும் கருவி திரும்பப் பெற்றேன் என்று வேறு தாள் எழுதினார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பிடியில் ஒரு செண்டுமல்லி இதழ் ஒட்டியிருந்தது. எந்த மேஜையில் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

குடியிருப்புக் கூட்டம். மேகலாவையே பிடித்துவிட்டார்களே, சோதனையே வேண்டாம் என்று மனு கொடுப்போம் என்றார்கள். எனக்காகப் பேசுகிறார்களாம்! அன்றைக்குப் பின்னால் நகர்ந்ததும் இதே ஆட்கள்தான்.

எழுந்தேன். "சோதனை இருக்கட்டும். ஜெயசீலன் வயித்துத் தையல் இன்னும் ஆறல. கொத்தனார், முடி வெட்டுறவரு, என்னை மாதிரி ஆளுங்க எல்லாரும் ஒண்ணாப் போவோம். இழுத்துட்டுப் போறதுக்கு முன்னால என்ன தொழில்னு ஒரு வார்த்தை கேளுன்னு சொல்லுவோம்."

சேட்டுதான் முதலில் கை தூக்கினார். அடேயப்பா.

அக்டோபர் 15

நேற்று எல்லாருமாக ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னோம். ராத்திரி அரிவாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், இனி தினமும் கொண்டுவந்து கொண்டுபோகப் போகிறேன். ஒளிக்க வேண்டிய பொருளா அது? காலையில் மிஷின் அலறுமுன்னே நானே பையைத் திறந்து காட்டினேன். அதே பெண் போலீஸ். "நாரியல்?" என்றாள், தேங்காய் வெட்டுகிறதா என்று. தலையாட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டு, போ என்றாள். நான் நகரவில்லை. மிஷினை ஓட்டி என்னையும் சோதித்துப் பார் என்று இரண்டு கையையும் தூக்கினேன். பார்த்தாள்.

ராத்திரி நிறுத்தத்துக்குக் கிளம்பும்போது உமா போன். "அம்மா, எறங்கிட்டேன். போலீஸ் இருக்காங்க, என் பையும் செக் பண்ணாங்க. நீ வராத, நானே வரேன்."

மாட்டிய செருப்பைக் கழற்றினேன்.