அக்காவுக்கு ஒரு ஓட்டோமேட்டிக் கியர்பொக்ஸ்

என்ரை மலரக்கா,

உங்கள் காரில் இப்போது கிளச் இல்லை. மூன்று வருடமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த வேலையைப் போன மாதம்தான் முடித்தேன். முடித்த கையோடு "அக்கா, சரி, வாங்கோ" என்று கராஜில் வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலெர்மோக் கடற்கரையில், மொண்டெல்லோவில் நீங்கள் ஒன்பது வருடம் பராமரித்த பெரியவர், இளம் வயதில் அமெரிக்காவில் உழைத்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கார் அது. நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், தெரு அதிரும் சத்தம். அவர் இறந்த பிறகு வீட்டைக் கேட்டு உறவுக்காரர் வந்தார்கள். காரை உங்கள் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். கிளச் மிதித்து ஓட்டுகிற நாலு கியர் கார், இடது முழங்கால் மடியாத உங்களுக்கு. வன்னிப் போரின் கடைசி நாட்களில் அந்த முழங்காலுக்குள் போன செல் குண்டுத் துண்டு வெளியே வரவேயில்லை.

எங்கள் சனம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. லைசன்ஸ் எடுக்கப் போனீர்கள். மருத்துவக் குழு உங்கள் காலைப் பார்த்து, ஓட்டோமேட்டிக் கார் மட்டும் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தது. அதன்படி ஓட்டிக்காட்டி லைசன்ஸும் எடுத்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, நகரின் சீசாப் பகுதியில் இருக்கும் என் கராஜுக்கு வந்தீர்கள்.

"டேய் ரூபன், பாத்தியே? ஓட்டோமேட்டிக் எண்டால் நான் ஓட்டலாமாம். கியரை மாத்தித் தா."

"பாப்பம் அக்கா. அவசரப்பட ஏலாது. நல்லதாப் பாத்துத்தான் போடவேணும்."

அந்தப் 'பாப்பம்' மூன்று வருடம் நீண்டது. முதலில், அந்தக் காலத்து மூன்று கியர் ஓட்டோமேட்டிக் பெட்டிதான் இந்தக் காருக்குப் பொருத்தம் என்றேன். பிறகு, அது நெடுஞ்சாலையில் இரையும், பெற்றோல் குடிக்கும், புதிய நாலு கியர் ஓட்டோமேட்டிக்தான் நல்லது என்றேன். அடுத்த மாதம், அந்தப் புதிய பெட்டி என்றால் காரின் தரையை வெட்ட வேண்டும், பழைய கார் என்ற பதிவுக்கும் சிக்கல் வரும் என்றேன்.

"எனக்கு நெடுஞ்சாலை வேண்டாமடா. பெல்லெக்ரீனோ மலை ஏறி, குகைக் கோயிலிலை ரொசாலியா மாதாவைப் பாத்திட்டு இறங்கினாக் காணும். ஆரும் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடாமல், நானே போகவேணும்" என்றீர்கள்.

உண்மையை இப்போது சொல்கிறேன். எனக்கு அந்தக் கிளச் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரை வீதியில் ஓட்டும்போது, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் எஞ்சின் உறுமும். தெருவில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கார் உங்களுடையது, ஓட்டுகிறவன் நான். அது அப்படியே இருந்தால் என்ன என்று நினைத்தேன். எதைப் போடுவது என்று ஆராய்கிறேன் என்ற சாட்டில் ஒன்றையுமே போடாமல் இருந்தேன்.

ஒருநாள் நீங்கள், "ஒருக்கா நான் ஓட்டுற பக்கம் இருந்து பாக்கவோ?" என்று கேட்டீர்கள்.

"அக்கா, உங்கடை காலை வச்சுக்கொண்டு..." என்று சொல்லிச் சிரித்தேன். முடிக்கக்கூட இல்லை. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். வீடு வந்து இறங்கும்போது "சாப்பிட்டிட்டுப் போ" என்றீர்கள். ஏச்சு விழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். நாலு மாதம். நீங்கள் கட்டிலில் கிடந்து ஒருநாள் கேட்டீர்கள்: "கியர்பொக்ஸ் வந்திட்டுதோ?"

"ஓம் அக்கா, வந்திட்டுது."

"படம் எடுத்தனியோ?"

வெளியே போய், போனில் தேடி, யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு கியர்பொக்ஸின் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தீர்கள்.

"வடிவா இருக்கு. இது உன்ரை கராஜோ? இவ்வளவு துப்புரவா இருக்கு?"

"ஓம்."

சிரித்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினீர்கள். உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது, அக்கா? தெரிந்தும் எனக்காகவா நம்பினீர்கள்? ஆறாம் நாள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பத்து நாளில் டொரினோவில் இருக்கும் ஒரு பழைய கார்ப் பாகக் கடைக்குப் போன் எடுத்தேன். எதைக் கேட்பது என்று அப்போதும் தெரியாது. எடுத்தவருக்கு வயதான குரல். என்ன கார் என்று மட்டும் சொன்னேன். "முதலில் இதைச் சொல்லுங்கள், கார் யாருக்கு?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"என் அக்காவுக்கு" என்றேன்.

"எங்கே ஓட்டுவா?"

"மலை வீதியில். வளைவுகள் அதிகம்."

"எப்படி ஓட்டுவா? வேகமாகவா?"

நீங்கள் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் படி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற பானையை இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். "மெதுவாக ஓட்டுவா. ஒன்றையும் இடிக்க மாட்டா. ஆனால் நிற்கவும் மாட்டா" என்றேன்.

"அப்படியானால் ஏன் யோசிக்கிறீர்கள்? அந்தக் காருக்கென்றே அந்தக் காலத்தில் செய்த மூன்று கியர் ஓட்டோமேட்டிக்கையே போடுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிறேக் சூடேறாது. எண்ணெய் சூடாகாமல் ஒரு குளிரூட்டியும் பூட்டுங்கள். அக்காவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் நான் தேடிய விடை அவ்வளவுதான். போனை வைத்துவிட்டுத் தரையில் குந்தி அழுதேன்.

பெட்டி வந்தது. கிளச் மிதியைக் கழற்றும்போது பார்த்தேன், அதன் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அது என் சப்பாத்து தேய்த்த தேய்வு. அந்த இடத்தில் அகலமான பிறேக் மிதி போட்டேன்.

முதல் ஞாயிறு தனியாக மலைக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது வளைவில் என் இடது கால் பழக்கத்தில் கிளச்சைத் தேடிப் பிறேக்கில் ஓங்கி மிதித்தது. கார் நடுவீதியில் குத்தி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். வேறு வழி தெரியாமல் இடது காலை முன்னுக்கு நீட்டி, இனி அசைக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டு ஏறினேன்.

மேலே போய்ச் சேரும்போது இடுப்பு உளைந்தது. முழங்கால் மரத்துப்போயிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். எனக்கு அரை மணித்தியாலம். நீங்கள் அப்படியே பதினைந்து வருடத்துக்கு மேல் பஸ்ஸில் போனீர்கள், வேலைக்குப் போனீர்கள், எனக்குச் சமைத்தீர்கள். பஸ்ஸில் உங்கள் நீட்டிய காலில் தடுக்கினவர்களிடம் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்பீர்கள். பக்கத்தில் நின்ற நான் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. உங்கள் பெயரை மட்டும் சொன்னேன். இறங்கும்போது இரண்டில் விட்டேன். கார் தன்பாட்டில் அடங்கி, மெல்லமாக, உங்களுக்கென்றே அளவெடுத்தது போல இறங்கியது. அவ்வளவு சரியாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொரு செய்தி. முன்னர் உங்களோடு கால்சாப் பகுதியில் மாடிப்படி கூட்டும் வேலை செய்த வசந்தியக்கா போன கிழமை கராஜுக்கு வந்தா. மிதிவெடியில் இடது பாதத்தைப் பறிகொடுத்தவ. உங்களுடையதைப் போலவே ஒரு லைசன்ஸ் அவவின் கைப்பையிலும் இரண்டு வருடமாகக் கிடக்கிறதாம். எனக்குத் தெரியாது. நீங்கள்தான் எடுக்கச் சொன்னீர்களாம்.

"தம்பி, மலரின்ரை காரிலை நான் ஒருக்கா இருந்து பாக்கட்டோ? ஓட்டேல்லை, சும்மா."

"இருந்து பாக்க வேண்டாம் அக்கா. ஓட்டுங்கோ" என்றேன்.

மொண்டெல்லோவில் ஆளில்லாத கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் தரம் பிறேக் அடித்தபோது என் நெற்றி கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் வந்தது. அவ பெரிதாகச் சிரித்தா. இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினா. பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்து, "அவள் எல்லோ இதிலை இருக்கவேணும்" என்று விம்மினா. ஓம், நீங்கள்தான் இருந்திருக்க வேண்டும். நான் விடவில்லை.

வாற ஞாயிறு வசந்தியக்கா மலைக்கு ஓட்டப் போகிறா. காரை விலைக்குக் கேட்கிறவர்கள், பழையபடி கிளச்சைப் பூட்டினால் மதிப்புக் கூடும் என்கிறார்கள். நான் இருக்கும்வரை அது நடக்காது, அக்கா. உங்கள் கார் கிளச் மிதிக்க முடியாதவர்களுடைய கார். அவர்கள் ஓட்டும்போது நான் பக்கத்தில் இருப்பேன், நீங்கள் இருந்த இடத்தில். வாயே திறக்க மாட்டேன்.

நீங்கள் வளர்த்த, உங்களுக்குப் பொய் சொன்ன தம்பி,
ரூபன்
பலெர்மோ