பத்துத் தம்ளர் ஆறாகும் வரை

ஜூன் 16, 2003

பள்ளி திறந்தாயிற்று. சாஹிதி மூன்றாம் வகுப்பு. ஏப்ரலில் விழுந்த இரண்டு மேல் முன்பற்களின் இடத்தில் புதியவை பாதிக்கு மேல் இறங்கியிருக்கின்றன. அவற்றின் மேல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தயிர்ச்சோறு என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. மணியடித்துவிட்டார்கள், விட்டுவிட்டேன்.

ஜூன் 17

தயிர்ச்சோறு இல்லை.

ஜூன் 22

ஞாயிறு. வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். எச்சில் பட்டிருக்கும்போது ஒன்றும் இல்லை. பல் காய்ந்ததும் எழும்பி வருகிறது. கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினால் பின்னாலேயே பழைய எழுத்து தெரியுமே, அப்படி. இடப்பல்லில் மூன்று திட்டு, வலப்பல்லில் குறுக்கே ஒரு பட்டை.

இந்த ராள்ளபாவியில் அது அதிசயம் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளையோ பழுப்போ எழுதியிருக்கும். ஊர் முழுக்கக் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. அரசாங்கம் வந்து சோதித்தது, குடிக்கக்கூடாது என்று அடிபம்பு நான்குக்கும் சிவப்பு வண்ணம் அடித்தது, போய்விட்டது. சிகிச்சை அவ்வளவுதான். வண்ணம் இன்னும் உரியவில்லை.

ஆனால் என் மகளுக்கு எப்படி? நான் தெனாலிக்காரி. கால்வாய்க்கரையில் பிறந்தவள். காய்ச்சாத தண்ணீரை எங்கள் வீட்டில் நாய்க்கும் வைக்கமாட்டார்கள். சாஹிதி பிறந்த நாளிலிருந்து அவளுக்கென்று தனிப் பாத்திரம். விறகடுப்பில், மூடாமல், பத்துத் தம்ளர் ஆறாகும் வரை சுண்டக் காய்ச்சிய தண்ணீர். ஏழரை வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. கெட்டது எதுவும் கொதிக்கிற தண்ணீரில் பிழைக்காது.

பால் பற்கள் முத்து மாதிரி இருந்தனவே!

ஜூன் 29

காரணங்கள், கிடைத்த வரிசையில்:

வதினா (என் கணவரின் அக்கா பிச்சம்மா, எங்களோடு இருக்கிறார்): திருஷ்டி. மிளகாய் சுற்றிப் போட்டார். 

மருந்துக்கடை வெங்கட் ரெட்டி: சுண்ணாம்புச் சத்துக் குறைவு. டானிக் கொடுத்தார். 

தலைமையாசிரியர்: பால் பல் ஆடும்போது விழுந்திருப்பாள். 

என் அம்மா, தெனாலியிலிருந்து தொலைபேசியில்: "அந்த ஊருக்குக் குடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்."

ஜூலை 8

வகுப்பில் சுற்றி நின்று, "வா வா, எங்க கட்சிக்கு வந்துட்டியா?" என்றார்களாம். அழுதுகொண்டு வந்தாள். போன வருடம்வரை இவள் அவர்களைப் பார்த்து, "உங்க வீட்டுல பல்லு தேய்க்கிறதே பண்டிகைக்கு மட்டும்தானா?" என்று கேட்பாளாம். எங்கே கற்றாள் என்று விசாரித்தேன்.

என்னிடம்தான். இங்கே வந்த புதிதில் நான் சொன்ன வாக்கியம். நன்றாக அமைந்த வாக்கியம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஜூலை 9

அதே வாக்கியத்துக்கு இந்த ஊர் அப்போதே பதில் சொன்னது. பக்கத்து வீட்டு யாதம்மா என் பல்லை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைப்பீங்களா?" என்று கேட்டாள். இங்கே வெள்ளையாக ஒரே சீராக இருந்தால் அது கட்டின பல்.

ஜூலை 20

சாஹிதி கையால் வாயை மூடக் கற்றுக்கொண்டுவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை.

ஜூலை 27

எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். பிறகு அடுப்புக்கரி. அவள் திமிறினாள். தலையை என் முழங்கால்களுக்கு இடையில் அழுத்திக்கொண்டு இன்னும் தேய்த்தேன். ஈறிலிருந்து ரத்தம். திட்டு அப்படியே இருந்தது. ச்சே! என்ன பண்றேன் நான்? குழந்தையப் போட்டு பாத்திரம் தேய்க்கிற மாதிரி — 

வதினா வந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 3

அவரிடம் (கணவர், பஸ் கண்டக்டர், சத்தய்யா) ஹைதராபாத் போகவேண்டும் என்றேன்.

"இது நம்ம ஊரு முத்திரை. எனக்கும்தான் இருக்கு. வேலை குடுக்கலையா? டிக்கெட் கிழிக்கப் பல்லு எதுக்கு?"

"பொண்ணுக்கு நாளைக்குப் பல்லுதாங்க டிக்கெட்."

வதினா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் சத்தம் நின்றது. நான் சொல்லியிருக்கக்கூடாது. அவரை மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறையும், "ஒரு தடவை சிரிம்மா" என்றார்கள். நான்காவது முறை அவர் வாயையே திறக்கவில்லை. ஊமை என்று போய்விட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதாகிறது.

கொஞ்ச நேரம் கழித்து முறம் மறுபடி ஆரம்பித்தது. "கூட்டிட்டுப் போ தம்பி" என்றார் உள்ளிருந்து.

ஆகஸ்ட் 19

அரசுப் பல் மருத்துவமனை. வெளியே நூற்றுப்பத்துப் பேர். டாக்டர் ராஃபியா, சின்ன வயது, அவசரக்காரி. பல்லின் மேல் காற்றை ஊதிக் காயவைத்தாள். என் கரும்பலகை உவமை அவளுக்கு ஒரு குழாய் வேலை.

"எந்த ஊரு?" என்றாள். சொன்னேன். "ஆ" என்றாள்.

"இந்த முன்பல்லு ஈறுக்குள்ள உருவாகுறது கைக்குழந்தையா இருக்கும்போது. மூணு நாலு வயசுக்குள்ள முடிஞ்சிரும். அப்ப குடிச்ச தண்ணி இப்ப வெளிய வருது. டானிக், எலுமிச்சை, கரி எதுவும் வேண்டாம். பேஸ்ட் பட்டாணி அளவு, முழுங்கக்கூடாது."

"போகாதா டாக்டர்?"

"மேலாக இருக்கிறதை, பல்லு நல்லா வளர்ந்த பிறகு, லேசான அமிலமும் நுரைக்கல் பொடியும் வெச்சுத் தேய்ச்சு எடுக்கலாம். நாங்க தேய்க்கணும், நீங்க இல்ல. ஆழமா இருக்கிறது போகாது. பதினெட்டுக்கு மேல மூடி போடலாம். இப்ப ஒண்ணும் செய்யாதீங்க."

பதினெட்டு! அதற்குள் எத்தனை பேர் இவளைச் சிரிக்கச் சொல்லிவிடுவார்கள்?

அவளுக்குக் காய்ச்சிய தண்ணீர்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். இந்த அறையில் நானாவது பொறுப்பான தாய் என்று பதிவாகட்டும் என்று.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "எவ்வளவு ஊத்துவீங்க? எவ்வளவு மிஞ்சும்?"

"பத்துத் தம்ளர் ஆறாகும்." இன்னும் பெருமையாகத்தான் சொன்னேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு சாஹிதியைப் பார்த்தாள். "என்ன வேலை பண்றீங்க?"

"டீச்சர். சயின்ஸ்."

"சரிம்மா. இனிமே காய்ச்ச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். 

பஸ்ஸில் முழு வழியும், அந்தப் பெண்ணுக்குச் சுத்தம் பற்றித் தெரியவில்லை என்று கணவரிடம் விளக்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20

காய்ச்சினேன்.

செப்டம்பர் 23

ஏழாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுத் தாள்கள். முப்பத்து நான்கு. கேள்விகள் நான் தயாரித்தவை. நான்காம் கேள்வி: உப்பு நீரைத் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் மீதமிருக்கும் நீரில் உப்பின் செறிவு — குறையும் / கூடும்.

சரி போட்டுக்கொண்டே போனேன். கூடும், சரி. கூடும், சரி. பதினெட்டாவது தாளிலோ பத்தொன்பதாவதிலோ பேனா நின்றது.

பத்துத் தம்ளர். ஆறு தம்ளர். ஆவியாகிப் போவது தண்ணீர். உப்பு போகாது. ஃப்ளோரைடு ஒரு உப்பு. பத்துத் தம்ளரில் இருந்த அத்தனையும் அந்த ஆறு தம்ளருக்குள். 

பத்து வருடமாகப் பலகையில் படம் போட்டு நடத்துகிற பாடம். கால்வாய்த் தண்ணீரில் இருப்பது கிருமி, கொதித்தால் சாகும். இங்கே இருப்பது கரைந்த கல். கல் எப்படிச் சாகும்? தெனாலியின் வழக்கத்தைச் சீதனமாகக் கொண்டு வந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் கஷாயமாக்கி, கெட்டியாக்கி, ஆறவைத்து, வடிகட்டி, என் கையால — என் கையாலயே குடுத்திருக்கேன். ஏழரை வருஷம். சோம்பேறிகள்னு நான் சிரிச்ச பொம்பளைங்க எல்லாம் பச்சைத் தண்ணியைக் குடுத்தாங்க. அவங்க பிள்ளைங்களுக்கு இதைவிடக் கம்மி.

மீதித் தாள்களையும் திருத்தினேன். வேறென்ன செய்வது? இருபத்தொன்பது பேர் 'கூடும்'. ஐந்து பேர் 'குறையும்'. என்னைப் போல் நினைத்த ஐவருக்கும் பூஜ்யம் போட்டேன்.

செப்டம்பர் 24

பள்ளிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 25

போகவில்லை.

செப்டம்பர் 28

வதினாவிடம் சொன்னேன். சாஹிதி தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வந்த நாளிலிருந்தே அவர், "காய்ச்சின தண்ணி செத்த தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மூட நம்பிக்கை என்று நான் திருத்திக்கொண்டிருந்தவள். இந்த வீட்டில் காரணம் எப்போதும் என் பக்கம் இருந்தது, சரியான முடிவு அவர் பக்கம்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "நான் சொன்னேன்ல" என்றாவது. அவர் அந்தத் தனிப் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "விஷம்னு தெரிஞ்சா குடுத்தே? எங்கம்மா தெரிஞ்சேதான் குடுத்தா. வேற தண்ணி இல்லையே."

பாயில் சாஹிதியின் கண் திறந்திருந்தது.

செப்டம்பர் 29

சாஹிதி என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

அக்டோபர் 3

பதுக்கம்மா, பூப் பண்டிகை. தெருவே பூ அடுக்கிப் பாடியது. சாஹிதி நடுவில் கை தட்டினாள், வாயை மூடிக்கொண்டு. பாட்டு இல்லாமல் தட்டல் மட்டும். என் பக்கம் திரும்பவில்லை. நேற்று உதிர்ந்த சாமந்தியைப் போல ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல உவமை இல்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 4

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இதை எனக்கே சொல்லிக்கொள்ளப் பத்து நாளாயிற்று. காய்ச்சியது என் வீட்டில் மட்டும் இல்லை. மஞ்சள் காமாலை வந்த வருடம் வீடு வீடாகப் போய், காய்ச்சுங்கள் காய்ச்சுங்கள் என்று பிரசாரம் செய்தேன். பாராட்டுப் பத்திரம்கூட உண்டு, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. விறகுக்கு வழியில்லாதவர்கள் தப்பித்தார்கள். சொல் கேட்டவர்கள் பதினோரு வீடு. அதில் முதல் வீடு யாதம்மா. அவள் பேத்திக்கு ஒன்றரை வயது. அந்தக் குழந்தையின் முன்பற்கள் இப்போது ஈறுக்குள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

போய்ச் சொல்லவேண்டும். என்ன முகத்தோடு?

அக்டோபர் 6

தசரா முடிந்தது. யாதம்மா வீட்டு வாசல்வரை போனேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, மூடாமல், நான் கற்றுக்கொடுத்தபடியே. "வாங்க டீச்சரம்மா" என்றாள். பண்டிகை எப்படி என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 8

இன்று கிளம்பும்போது சாஹிதி செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. 

யாதம்மாவிடம் எல்லாம் சொன்னேன். போர் தண்ணீரைக் காய்ச்சவேண்டாம். ஏரித் தண்ணீர் கொண்டுவந்தால் அதை மட்டும் காய்ச்சு, அல்லது கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து வை.

யாதம்மா சிரித்தாள், முந்தானையால் வாயை மூடி. "போன தடவை காய்ச்சச் சொன்னீங்க. இப்ப ஒரு தண்ணி காய்ச்சணும், ஒரு தண்ணி காய்ச்சக்கூடாதுங்கிறீங்க. அடுத்த மாசம் என்ன, தலைகீழா நின்னு குடிக்கணுமா? ஏரி ரெண்டு மைலு டீச்சரம்மா. உங்களுக்கு என்ன, கட்டின பல்லு."

"நான் சொன்னது தப்பு யாதம்மா. தெரியாம சொல்லிட்டேன்."

"டீச்சருக்குத் தெரியாம இருக்குமா?" என்று அடுப்பில் இன்னொரு விறகு வைத்தாள். கேலி இல்லை. நிஜமாகவே நம்பவில்லை. என் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. இதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

சாஹிதி என் பின்னாலிருந்து முன்னே வந்தாள். வாயிலிருந்து கையை எடுத்தாள். பாவாடை நுனியால் இரண்டு பல்லையும் அழுத்தித் துடைத்துக் காயவைத்தாள். டாக்டரைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். மேலுதட்டை இரண்டு விரலால் தூக்கி, அடுப்பு வெளிச்சத்துக்கு நேராக வாயைத் திறந்து நின்றாள்.

"பாரு அத்தை, இது காய்ச்சின தண்ணி."

யாதம்மா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சாஹிதி அசையவில்லை. பிறகு யாதம்மா துணியைச் சுற்றி, பாத்திரத்தை இறக்கி, வாசலில் கொட்டினாள்.

வெளியே வந்ததும் சாஹிதி பத்து நாளில் முதல்முறையாக என்னிடம் பேசினாள். "இன்னும் எத்தனை வீடும்மா?"

"பத்து."

"வா." முன்னால் நடந்தாள். கை வாய்க்குப் போகவில்லை. பின்னால் போன நான்தான் மூடிக்கொண்டிருந்தேன்.