கிணற்றுக்கும் சேர்த்து விலை

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
20.01.2026

அன்பின் நண்பன் றமேசுக்கு,

லெஸ்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மாகிரட்டும் சுகம். கனடாவில் இந்த முறை பனி கூட என்றார்கள், நெஞ்சுச் சளியைக் கவனித்துக்கொள். கையால் கடிதம் எழுதிக் கனகாலம், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

போனில் கதைத்திருக்கலாம்தான். ஆனால் நீ அனுப்பிய அற்றோணித் தத்துவப் பத்திரத்தோடு வியாழக்கிழமை காணி எழுதும் நொத்தாரிசிடம் போய், உனக்காக நான் கையெழுத்து வைத்து, நாங்கள் குடியிருக்கும் உன் வீட்டை விற்க வேண்டும். இது உன் கைக்கு வரும்போது அந்த வேலை முடிந்து சில கிழமையாவது ஆகியிருக்கும். அதற்காகவே தபாலில் போடுகிறேன்.

வாங்குகிறவர் கொழும்புக்காரர். இடித்துவிட்டு, வெள்ளைக்காரர் தங்க அறைகள் கட்டப்போகிறாராம். வீட்டைப் பெரிதாகப் பார்க்கவில்லை. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்தார். இந்த ஒழுங்கையில் மற்றக் கிணறெல்லாம் உவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகை வெள்ளத்தில் பக்கத்து வளவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோது இங்கே ஏறவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கிணறு வெட்டியது நான். மண் அடித்து வளவை உயர்த்தியதும் நான்தான். மகள் நதீஷாவின் வீடு என்று நினைத்துச் செய்தேன், இப்போது அதற்கும் சேர்த்து அவர் உனக்கு விலை தருகிறார். வளவுக்கு அடித்த மண் கடைசியில் என் தலையில்தான் விழுந்தது என்கிறாள் மாகிரட். அவள் வாய் உனக்குத் தெரியாததா.

2013இல் நீ கனடாவுக்கு வெளிக்கிட்டபோது எங்கள் குசினி அடுப்பருகே நின்று, இருபத்திரண்டு லட்சம், எப்ப ஏலுமோ அப்ப தா, வீடு உனக்குத்தான் என்றாய். அதைச் சேர்த்து முடிக்க எனக்கு ஆறு வருடம் போயிற்று. அப்போது நீ, அடுத்த காணி நாற்பத்தைந்துக்குப் போயிருக்கு, நீ நாற்பது தா என்றாய். அதுவும் நியாயம் என்று திரும்பச் சேர்த்தேன். நாற்பது வந்தபோது விலை தொண்ணூறில் நின்றது. இப்போது ஒரு கோடி எண்பது.

போன மாதம் நீ சொன்னாய், எல்லா விலையும் ஏறினதுதானே மச்சான், வீடும் ஏறினது, இது என்ர பேராசை இல்லை என்று. பேராசை என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கதை சரியில்லையடா. பேக்கரிப் பாண் விலை அன்றையதைவிட இரண்டரை மடங்கு, அரிசி மூன்று மடங்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் சம்பளம் மூன்று மடங்குகூட இல்லை. வீடு மட்டும் எட்டு மடங்கு. பாண் ஏறின அளவுக்கு வீடும் ஏறியிருந்தால் அறுபது லட்சத்துக்குள் நின்றிருக்கும். சேமலாப நிதியையும் மாகிரட்டின் தாலிக்கொடியையும் போட்டு எப்படியோ பிடித்திருப்பேன். நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் எல்லா விலையும் சேர்ந்துதான் ஓடின. பிறகு விலைவாசி அடங்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். உண்மைதான், பாண் அடங்கியது. காணி ரேடியோ கேட்பதில்லைப் போல.

உன்னிலும் பிழையில்லை. அங்கேயும் வீட்டு விலை சம்பளத்தை விட்டுவிட்டு ஓடுகிறது, மகனுக்கு வீடு வாங்க முற்பணம் கட்ட வேறு வழியில்லை என்றாய். அப்பன் படும் பாடு எனக்கு விளங்கும்.

நதீஷாவின் காரியத்தை நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். பாலையூற்று மாப்பிள்ளை அஞ்சலோவின் ஆட்களிடம் சம்பந்தம் பேசியபோது நான் ஒளிக்கவில்லை. வீடு றமேசுடையது, நாங்கள் வாங்கப்போகிறோம் என்றேன். அதை நம்பித்தான் சம்மதித்தார்கள். போன ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு கோயிலில் இரண்டு பேரின் பெயரையும் சொல்லி முதலாம் கல்யாண அறிவித்தல் வாசித்தார்கள். அந்தக் கிழமையே கொழும்புக்காரர் நாடாவோடு வந்து வளவை அளந்தார். அவர் திரும்பிப் போகமுன்னமே கதை பாலையூற்றுக்குப் போய்விட்டது.

அஞ்சலோவின் தகப்பன் வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. பிள்ளைக்கு வீடில்லாமல் எப்படி, தவக்காலம் கழியட்டும், பிறகு கதைப்பம் என்றார். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள், அவர்களுக்கும் வீடு கட்ட வேண்டும். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்.

போன ஞாயிறு இரண்டாம் அறிவித்தல். பங்குச் சுவாமி வேறு ஒரு சோடியின் பெயரை மட்டும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். கோயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நதீஷா எழும்பிப் போகவில்லை. பூசை முடியும்வரை தாயோடு இருந்து பாட்டும் படித்தாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள். எங்களோடு கதை இல்லை.

மாசி முடிய நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். வாடகைக்கு அலைகிறேன், அதுவும் வீட்டு விலையின் பின்னாலேயே போகிறது.

விற்க வேண்டாம் என்று றமேசிடம் ஒரு சொல் கேட்டால் என்ன, உங்களுக்கு ஏலாவிட்டால் நான் கேட்கிறேன் என்று மாகிரட் ஒவ்வொரு நாளும் சண்டை. நீ மறுத்தால் முப்பது வருடச் சிநேகிதம் போய்விடும். மறுக்காவிட்டால் உன் மகன் தெருவில் நிற்பான். இரண்டையும் தாங்க எனக்குப் பலமில்லை. அதுதான் கேட்கவில்லை.

வீட்டை வாங்க ஆளைப் பிடித்துத் தந்ததற்கு விலையில் நூற்றுக்கு ஒன்று எனக்கு அனுப்புவதாகச் சொன்னாய். தயவுசெய்து அனுப்பாதே. கோபமில்லை. அதையும் உன் மகனின் வீட்டுக் காசோடு போட்டுவிடு. எங்கள் இரண்டு பிள்ளைகளில் ஒன்றாவது வீடு காணட்டும். அவன் அங்கே நீடூழி வாழ மாதாவை மன்றாடுகிறேன்.

என்றும் உன்,
லெஸ்லி