துடைத்து வைத்த ஆய்வுக்கூடம்

14 மார்ச் 1991, வியாழன். அம்பத்தூர்.

எங்கள் கம்பெனியில் ஆராய்ச்சி நடக்கிறதா என்று பார்க்க இன்று டெல்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் ஆராய்ச்சிச் செலவுக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும்.

காலையில் போனபோது என் மேஜை காலி. லாரி பிரேக்குக்கான ரப்பர் வளையங்களை மழைக்காலத்திலிருந்து பிரேக் ஆயிலில் ஊறவைத்து, எந்தக் கலவை உப்புகிறது, எது தாங்குகிறது என்று பார்த்து வந்தேன். ஒரு டப்பாகூட இல்லை.

"மேனேஜர்தான் சாக்கடைல கொட்டச் சொன்னாரு சார். நாத்தம் அடிக்குதாம். நா இன்னா பண்றது?" என்றார் ஃபிட்டர் தேவராஜ்.

அந்த இடத்தில் உறை பிரிக்காத புது மெஷின், சந்தனப் பொட்டோடு. எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு.

அதிகாரிகள் சுத்தத்தைப் பாராட்டினார்கள். முந்திரி சாப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் போனதும் மேனேஜரிடம் கேட்டேன்.

"ரப்பர்தானேப்பா? மறுபடி ஊறப்போடு. இனிமே அதுக்கும் வரிச் சலுகை உண்டு" என்று சிரித்தார்.

ஊறப்போடலாம். ஆனால் ஒரே ஒரு கலவை நேற்றுவரை உப்பவே இல்லை. இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதுதான் கேள்வி. ஆராய்ச்சி என்று அங்கே இருந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதைக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் காட்டியிருக்கிறார்கள்.