செருப்பைக் கழற்றும் அறை

9 செப். 1996, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. கரண்ட் இரண்டு முறை போனது. கம்ப்யூட்டர் அறை வாசலில் வழக்கம்போல் செருப்புக் கும்பல். பனியன் கம்பெனிப் பஞ்சும் தூசியும் மிஷினுக்கு ஆகாது என்று ஆறு வருஷம் முன்பு நான் போட்ட சட்டம். முதலாளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். "கோயிலுக்குள்ள வர்றாப்ல இருக்குதுங்க அம்மிணி" என்பார்.

இன்று நாலு மாத ஆர்டர்களைத் தாளில் போட்டுக் காட்டினேன். சரக்கு தாமதமாவது தையலில் இல்லை, சாயப்பட்டறையில். நவம்பர் ஆர்டரை இரண்டு பட்டறைக்குப் பிரித்துக் கொடுங்கள் என்றேன். முதலாளி தாளை இரண்டு முறை புரட்டினார்.

"இத்தன நாளா பில்லடிக்கற பொட்டின்னு நெனச்சுட்டனுங்க. வர்ற திங்கக்கெழம மீட்டிங்ல இதையே வெப்போம். இனி கம்பெனிக்கு சிஸ்டம்ஸ் டைரக்டர்னு ஒருத்தரு வேணுமுங்க."

ஒருத்தர்! என்னை விட்டால் வேறு யார்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். திருநெல்வேலி வாய். "அப்போ இனிமே டைரக்டரம்மான்னுல்லா கூப்பிடணும்!" மீன் குழம்பு இரண்டு முறை ஊற்றிக்கொண்டார்.

வாங்க: பிரிண்டர் ரிப்பன், பால், அரக்கு பார்டர் சேலை (விலை மட்டும் கேட்க).

12 செப்., வியாழன்

மழை வரும்போல இருந்து வரவில்லை. மு.வின் (முதலாளியின்) மருமகன் வந்தார். பெங்களூரில் படித்தவராம். ஷூவை ஓரமாகக் கழற்றி வைத்தார், நல்ல பிள்ளை. "மாப்பிள்ளைக்கு எல்லாஞ் சொல்லிக் குடுங்க அம்மிணி" என்றார் மு. நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன், பாஸ்வேர்டு உட்பட. திங்கள் மீட்டிங் தாள்களை "பாத்துட்டுத் தர்றனுங்க அக்கா" என்று வாங்கிப் போனார். ஞாபகமாகத் திருப்பி வாங்க வேண்டும்.

16 செப்., திங்கள்

சேலை வாங்கியே விட்டேன். கட்டிக்கொண்டும் போனேன்.

மீட்டிங்கில் எனக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல். மு. எழுந்தார். "நம்ம மாப்பிள்ளதானுங்க இனி சிஸ்டம்ஸ் டைரக்டர்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தூ.

மருமகன் என் தாள்களை வாசித்தார். ஓரத்தில் எனக்காகப் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன்: 'இங்கே நிறுத்து. முதலாளி முகத்தைப் பார்.' அவர் அந்த இடத்தில் நிறுத்தினார். பார்த்தார். மு.வுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வெளியே வந்ததும் மு.விடம் கேட்டே விட்டேன், என்னைத்தானே சொன்னீர்கள் என்று.

"ஒருத்தருன்னுதானுங்க சொன்னேன், நீங்கன்னு எப்பங்க சொன்னேன்? மிஷினப் பாத்துக்க உங்கள உட்டா ஆரு இருக்கறாங்க?"

சொல்லவில்லைதான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். இங்கே கழுத்தை நானே நீட்டியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் மீட்டிங் எப்படி என்றார். தலைவலி என்றேன்.

17 செப்., செவ்வாய்

நல்ல வெயில். பத்து மணிக்கு டைரக்டர் ஷூவோடு அறைக்குள் வந்தார். பின்னாலேயே மு., அவரும் செருப்போடு. "இப்பத்த மிஷினுக்கு ஒண்ணும் ஆவாதுங்களாமா. மாப்பிள்ள சொன்னாரு." நான் ஆறு வருஷம் சொன்னது ஒரே காலையில் போயிற்று. தரையெல்லாம் புழுதித் தடம்.

மதியம் நானும் செருப்போடு உள்ளே போனேன். ராஜினாமா, நாலு வரி. பிரிண்டர் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை.

அங்கேயே இருந்த மு. என் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்களே செருப்போட?"

தாளைக் கையில் கொடுத்தேன்.