ஜப்பான் அண்ணாச்சியின் முகம்

நான் பாசமும் அதைவிடக் கூடுதலாகக் கோபமும் வைத்திருக்கிற ஜப்பான் அண்ணாச்சிக்கு,

டிவியில் முகமூடி வீரனாக நடித்த நீங்கள் ஜப்பானில் கண்ணை மூடிய செய்தி எங்கள் பேட்டைக்கு வந்த விதத்தைக் கேளுங்கள். என் தம்பி இசக்கி சுவர் சுவராகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினான். சிவப்பு உடுப்பு, வெள்ளித் தலைக்கவசம், இடுப்பில் கை. மேலே 'எங்கள் வீரன் மறைந்தார்', கீழே போஸ்டர் போட்ட இசக்கியின் பெயர். உங்கள் முகம் எங்கும் இல்லை.

எங்கள் ஊரில் அந்த உடுப்பைப் போடுகிற ஒரே ஆள் இசக்கிதான். பிறந்தநாள், காதுகுத்து, கடைத்திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் உங்கள் வேஷத்தில் போய் நிற்பதுதான் அவன் பிழைப்பு. போஸ்டரைப் பார்த்த சனம் என்ன நினைக்கும்? மாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

"ஏ எம் ராசா, இப்படிப் பாதியில போயிட்டியேலே!" என்று பேச்சியம்மாள் சித்தி வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அடுப்படியில் இருந்த அம்மா என்ன ஏது என்று கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த இசக்கி, "யாரு சித்தி செத்தது?" என்கிறான். சித்தி மயங்கிச் சாய்ந்துவிட்டாள்.

சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. அம்மா அன்றைக்கு முழுக்க இசக்கியை வாசல் தாண்ட விடவில்லை.

"கூறுகெட்ட பயலே, அவரு மூஞ்சியைப் போட்டிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா?" என்று கத்தினேன்.

"மூஞ்சியைப் போட்டா யாருக்குக்கா தெரியும்? உடுப்பைப் போட்டாத்தான தெரியும்" என்றான்.

அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அண்ணாச்சி. உங்கள் கதையை இசக்கி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தமிழ் பேசிக்கொண்டு எங்கள் டிவிக்கு வந்த உங்கள் வீரன் தொடர் ஒரே வருஷம்தான். சண்டைக்கு வேறு ஆளை உடுப்புக்குள் விடாமல் நீங்களே குதித்தீர்கள். அதற்கப்புறம் உங்களை ஒரு சாதாரண மனுஷன் வேஷத்துக்கு எவன் கூப்பிட்டான்? நரைத்த பிறகும் கடை கடையாக, விழா விழாவாக அதே உடுப்பு. நோய் முற்றியதை வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லையாம். பிள்ளைகள் முன்னால் முகமூடியைக் கழற்றக் கூடாது, வீரன் நோயாளியாகத் தெரியக் கூடாது என்று சத்தியம் வைத்திருந்தீர்களாம். யார் கேட்டார்கள் அந்தச் சத்தியத்தை? உங்களுக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருந்திருப்பாளே, அவள் முகம் ஞாபகத்துக்கு வரவில்லையா?

இதைச் சொல்லி நான் கொதித்தபோதுதான், இசக்கியோடு வேலைக்குப் போகிற சுடலை வாயைத் திறந்தான்.

"அக்கா, போன மாசம் வண்ணாரப்பேட்டையில ஒரு கடை வாசல்ல இவனும் விழுந்துட்டான். நல்ல வெயிலு. மூச்சு விட முடியல. கவசத்தைக் கழத்தப் போனா என் கையைத் தட்டி விடுதான். 'பிள்ளைக பாக்குதுல்லா'ங்கான்."

பிள்ளைகள் பார்க்கிறார்களாம்! உங்கள் வாக்கு என் தம்பியின் உயிர் வரைக்கும் வந்திருக்கிறது, அண்ணாச்சி. பேச்சியம்மாள் சித்தி அழுததில் தப்பே இல்லை. கொஞ்சம் முந்தி அழுதுவிட்டாள், அவ்வளவுதான்.

நேற்று குறுக்குத்துறையில் ஒரு காதுகுத்து. நானும் கூடவே போனேன். தாய்மாமன் மடியில் பிள்ளை. எதிரே இசக்கி கையை வீசி வேடிக்கை காட்டுகிறான். அவன் கால் தள்ளாடுவதைப் பார்த்தேன். நேரே போய்க் கவசத்தைப் பிடுங்கினேன்.

"அக்கா, விடுக்கா!"

"வாயை மூடுலே. மொதல்ல மூச்சை விடு."

உப்புப் பூத்த முகத்தோடு அத்தனை சனத்துக்கு முன்னால் நின்றான். பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு பொடிசு, "மாமா, உள்ள நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்கு ஓடிவிட்டது. மடியில் இருந்த பிள்ளை மட்டும்தான் வீறிட்டது, அதுவும் காது குத்தினதற்கு.

இதற்காகவா அண்ணாச்சி உள்ளேயே கிடந்து வெந்தீர்கள்?

உங்கள் பதினாறாம் நாளுக்கு இன்னொரு போஸ்டர் வரும். நரைத்த தலையும் சுருக்கமுமாக உங்கள் முகத்தை மட்டும் போட்டு, நான் அடித்து ஒட்டுவேன். யார் இது என்று சனம் கேட்கட்டும். வாசலில் நின்று பதில் சொல்கிறேன். இசக்கியை நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். இனி அவன் உடுப்புப் போட்டாலும், மூச்சு முட்டினால் பிள்ளைகள் முன்னாலேயே கழற்றுவான். இது உங்கள் மேல் சத்தியம்.

தம்பி உங்களை அண்ணன் என்றதால், வேறு வழியில்லாமல் உங்களுக்குத் தங்கச்சியாகிவிட்ட
கோமதி