ரீசெட் ஆகாத போன்

டீச்சரம்மாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்.

உன் பழைய போனில் புது சாஃப்ட்வேர் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் பண்ண வேண்டும். அதற்காகப் படங்களை லேப்டாப்பில் காப்பி எடுத்தேன். நடுவில் நாலு வாடகை அறைகளின் படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கட்டில்.

ஞாயிற்றுக்கிழமை சண்டையில் வீட்டை விட்டுப் போவதாகச் சொன்னாய். மறுநாளே, "கோவத்துல வாய் தவறி வந்துடுச்சு, விடுங்க" என்றாய். அந்தப் படங்களின் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தியது.

ரீசெட்டை அழுத்த எனக்குக் கை வரவில்லை. போன் சார்ஜில் இருக்கிறது. நீயே அழுத்து. படங்கள் எல்லாம் லேப்டாப்பில் பத்திரம், அந்த நாலு அறைகளும்தான்.

இன்று எனக்கு இரண்டு ஷிஃப்ட். காத்திருக்காதே.

பி.கு: மூன்றாவது அறையில் ஜன்னலே இல்லை. உனக்கு மூச்சு முட்டும். அது மட்டும் வேண்டாம்.